வெந்நீரா ஐஸா என்று கேட்பதற்கு முன்னால்...

நம்ம வீடுகளில் மூட்டுவலிக்கு ஒரே வைத்தியம்தான். வெந்நீர் ஒத்தடம். கால் பிசகினாலும் வெந்நீர், முட்டி தேய்ந்தாலும் வெந்நீர், காய்ச்சலோடு மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தாலும் வெந்நீர். "ஐஸ் வெச்சிப் பாக்கலாமே" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "இன்னாடா சொல்ற, நீர் கோத்துக்கும்டா" என்று உள்ளேயிருந்து ஒரு ஆயா குரல் கட்டாயம் வரும்.

இன்னொரு பக்கம் நம்ம காலேஜ் கிரிக்கெட் கோஷ்டி. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஐஸ். பந்து பட்டால் ஐஸ், தூங்கி எழுந்து கழுத்து பிடித்துக்கொண்டாலும் ஐஸ். டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் முட்டியில் ஐஸ் பை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த எஃபெக்ட் :-)

நான் இந்த ரெண்டு கட்சியிலும் இல்லை. என் கட்சி வேறு. சூடா, குளிரா என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த மூட்டு இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்பது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வைக்கிற ஒத்தடம் சில நேரம் வீண், சில நேரம் ஆபத்து. பல நேரம், டாக்டரிடம் போக வேண்டிய நாளைத் தள்ளிப்போட ஒரு சாக்கு. இந்த மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

(முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, பி.காம். படிக்கிற ஆள். படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல.)

மணலியில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இந்த ஆராய்ச்சி என்றால், எங்கள் பக்கத்து வேலைகளைப் பாருங்கள். கன்டெய்னர் லாரியில் ஏறி இறங்குகிற டிரைவர்கள், யார்டில் மூட்டை தூக்குகிறவர்கள், கம்பெனியில் எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்கிற கான்ட்ராக்ட் ஆட்கள், காசிமேட்டில் விடியற்காலையில் ஈரத்தில் குத்துக்காலிட்டு மீன் விற்கிற பெண்கள். இவர்களுக்கெல்லாம் முட்டியும் தோளும் இடுப்பும்தான் முதல். (காமர்ஸ் ஸ்டூடன்ட் புத்தி, மன்னிக்கவும்.) அந்த முதல் படுத்துவிட்டால் அடுத்த நாள் கூலி கிடையாது. அதனால் இங்கே தெருவுக்கு ஒரு தைலம், வீட்டுக்கு ஒரு ஒத்தட முறை. உப்பை வறுத்துத் துணியில் கட்டி வைப்பார்கள், தவிட்டை வைப்பார்கள், நொச்சி இலையை வதக்கி வைப்பார்கள். எங்கள் தெருவில் செங்கல்லைச் சூடு பண்ணி சாக்கில் சுற்றி அதன்மேல் குதிகாலை வைக்கிறவரும் இருக்கிறார்.

இதையெல்லாம் நக்கல் பண்ண நான் வரவில்லை. சித்த மருத்துவத்தில் உள்ளே கொடுக்கிற மருந்து 32 வகை, வெளியே போடுகிற மருந்து 32 வகை என்று கணக்கு உண்டு. அந்த வெளி மருந்துகளில் ஒற்றடமும் ஒன்று, வேது பிடிப்பதும் ஒன்று. ஆக, இது பாட்டி கதை இல்லை, முறையாக எழுதி வைத்த வைத்தியம். ஆனால் 32 வகை இருக்கிறது என்பதிலேயே ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது, கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றால் எதற்கு 32? நோயைப் பார்த்து மருந்தை எடு என்பதுதான் அதன் அர்த்தம். நாம் நோயைப் பார்க்கிற பாதியை விட்டுவிட்டு வெந்நீரை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

சரி, எது தப்பாகப் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்த ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

சிக்குன்குனியா.

இப்போது நம் வயசில் இருக்கிறவர்களுக்கு அது வெறும் பெயர். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், 2006 என்றதும் முகம் மாறும். இந்த நோய் மெட்ராசுக்குப் புதிதில்லை. 1963-ல் கல்கத்தாவில் வந்தது, 1964-ல் மெட்ராசுக்கு வந்தது, 1973-ல் மகாராஷ்டிராவில் ஒரு ஆட்டம் போட்டது. அப்புறம் 30 வருஷத்துக்கு மேல் சத்தமே இல்லை. 2005 கடைசியில் ஆந்திராவில் ஆரம்பித்து, 2006-ல் தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா என்று பரவியது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்டார்கள். அந்தப் பெயரே கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் மகொண்டே மொழியிலிருந்து வந்தது. வலியில் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கிற சொல். முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1950-களின் ஆரம்பத்தில், இன்றைய தான்சானியாவில்.

காய்ச்சல் நாலைந்து நாளில் போய்விடும். மூட்டுவலி போகாது. மணிக்கட்டு, விரல், கணுக்கால், முட்டி எல்லாம் வீங்கும். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு, இன்னும் சிலருக்கு வருஷத்தையும் தாண்டும். "டம்ளரைக்கூடப் பிடிக்க முடியலப்பா, செவுத்தப் புடிச்சிக்கினுதான் பாத்ரூம் போனேன்" என்று எங்கள் அத்தை இன்றைக்கும் சொல்வார். அப்போது வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வேறென்ன? கொதிக்கக் கொதிக்க வெந்நீர். தைலம் போட்டு அழுத்தித் தேய்த்து, மேலே சூடான துணி.

உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் 2008-ல் சிக்குன்குனியாவுக்கு ஒரு சிகிச்சை வழிகாட்டி வெளியிட்டது. அதில் இருப்பது இதற்கு நேர் எதிர். நோய் கடுமையாக இருக்கிற ஆரம்பக் கட்டத்தில் சூடு மூட்டுவலியைக் கூட்டலாம், அதனால் தவிர்ப்பது நல்லது. குளிர்ந்த ஒத்தடம் உதவலாம். வலி தணிந்து தேறி வரும்போது லேசான பயிற்சி செய்யலாம்.

ஏன் இப்படி? ஏற்கெனவே அந்த மூட்டுக்குள் தீ எரிகிறது. வைரஸை எதிர்த்து உடம்பு நடத்துகிற சண்டையில் மூட்டின் உள்சவ்வு வீங்கி, ரத்த ஓட்டம் கூடி, தொட்டாலே கொதிக்கிறது. அதன்மேல் இன்னும் சூடு வைத்தால் ரத்தக் குழாய்கள் இன்னும் விரியும், வீக்கம் இன்னும் கூடும். எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரி.

இதற்கு ஆய்வகத்திலும் ஒரு தடயம் உண்டு. முடக்குவாதத்தில் மூட்டுக்குள்ளே குருத்தெலும்பை அரிக்கிற ஒரு நொதி சுரக்கிறது. சும்மா இருக்கிற முட்டியின் உள்ளே வெப்பம் 33 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், வீங்கிய முட்டியில் 36 வரை ஏறும். இந்த 3 டிகிரி வித்தியாசத்தில் அந்த நொதி குருத்தெலும்பை அரிக்கிற வேகம் ஏறக்குறைய 4 மடங்கு ஆகிறது என்று 1974-லேயே ஹாரிஸ், மெக்ராஸ்கரி என்ற ரெண்டு பேர் காட்டினார்கள். அது சோதனைக் குழாயில் பார்த்தது. வெந்நீர் வைத்தால் உங்கள் முட்டி 4 மடங்கு வேகமாகக் கரையும் என்று யாரும் அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஆனால் கொதிக்கிற மூட்டை மேலும் கொதிக்க வைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை என்பது வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்போ சூடு கெட்டதா? இல்லவே இல்லை. வயசானவர்களின் தேய்ந்த முட்டி காலையில் எழுந்ததும் மடங்காமல் மக்கர் பண்ணும். தொட்டுப் பார்த்தால் சூடு இருக்காது, சிவப்பு இருக்காது, இறுக்கம்தான் இருக்கும். அங்கே வெதுவெதுப்பான ஒத்தடம் நல்ல ஆள். சுற்றியிருக்கிற தசை இளகும், மூட்டு கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும். திடீரென்று வரும் இடுப்பு வலியிலும் சூடு கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2006-ல் சொன்னார்கள்.

'நீர் கோத்துக்கும்' விஷயத்துக்கு வருவோம். ஐஸ் வைத்தால் மூட்டுக்குள் நீர் சேரும் என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். நடப்பது தலைகீழ். முட்டித் தேய்மானத்துக்குச் சூடும் குளிரும் எப்படி என்று 2003-ல் காக்ரேன் குழு அலசியது. கிடைத்தது 3 ஆய்வுகள்தான், மொத்தம் 179 பேர். அதில் வீக்கத்தைக் குறைத்தது குளிர். சூட்டினால் வீக்கம் குறையவில்லை. ஐஸ் மசாஜ் செய்தவர்களுக்கு முட்டி மடங்குவதும் தொடையின் பலமும் கூடின. ஆனால் வலி பெரிதாகக் குறைந்ததாக அதில் நிரூபணம் ஆகவில்லை. ஐஸ் கட்சிக்காரர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

கவுட் இருக்கிறவர்கள் கதை தனி. ராத்திரியோடு ராத்திரியாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். 2002-ல் 19 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் ஒரே மருந்து, பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஐஸ். ஐஸ் வைத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. 19 பேர் ரொம்பக் குறைச்சல்தான், இருந்தாலும் அந்த விரலை வெந்நீரில் முக்குவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் கோஷ்டிக்கும் ஒரு செய்தி. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வை என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலப்படுத்தியவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க டாக்டர். அதே மிர்க்கின் 2014-ல், ஐஸ் ரொம்ப வைத்தால் காயம் ஆறுவது தாமதமாகலாம் என்று எழுதினார். வீக்கம் என்பது உடம்பு ரிப்பேர் வேலை பார்க்கிற சத்தமும்தான், அதை முழுசாக அணைத்துவிடக் கூடாது என்பது அவர் பிற்பாடு வந்து சேர்ந்த இடம். ஆகவே சுளுக்கிய முதல் ஒன்றிரண்டு நாள், வலிக்காக, கொஞ்ச நேரம். அதற்குமேல் ஐஸ் பையோடு குடும்பம் நடத்த வேண்டாம்.

இந்த ரெண்டும் எப்படி வேலை செய்கிறது என்று தேடியபோது ஒரு சுவாரசியம் கிடைத்தது. நம் தோலின் நரம்பு நுனிகளில் சூட்டுக்கு ஒரு காவல்காரன், குளிருக்கு ஒரு காவல்காரன் இருக்கிறார்கள். சூட்டுக் காவல்காரன் 43 டிகிரி வாக்கில் அலாரம் அடிப்பான். மிளகாயின் காரமும் அவனைத்தான் எழுப்புகிறது. டேவிட் ஜூலியஸ் இதை 1997-ல் கண்டுபிடித்தார். குளிர்க் காவல்காரனை 2002-ல் அவரும் ஆர்டம் படபூட்டியனும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அவனை எழுப்புவது குளிரும், புதினாவிலிருந்து வருகிற மென்தாலும். தொடுதல் உணர்வு பற்றி படபூட்டியன் செய்த வேலையையும் சேர்த்து 2021-ல் ரெண்டு பேருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

இப்போது தைல டப்பாவைத் திருப்பிப் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். மென்தால், கற்பூரம், விண்டர்கிரீன் எண்ணெய், சிலவற்றில் மிளகாய்ச் சத்து. அதாவது தைலம் மூட்டைச் சூடாக்கவும் இல்லை, குளிர வைக்கவும் இல்லை. காவல்காரனை ஏமாற்றி "சூடு", "ஜில்லு" என்று கத்த வைக்கிறது. அந்தச் சத்தத்தில் வலி கொஞ்சம் அமுங்கிப் போகிறது. வலியும் மற்ற உணர்வுகளும் முதுகுத் தண்டில் ஒரே வாசலில் நெருக்குகின்றன, மற்றது முந்தினால் வலி பின்தங்கும் என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற ரெண்டு பேர் ஒரு கொள்கை சொன்னார்கள். 1893-ல் ஆரம்பித்த அமிர்தாஞ்சன் முதல் இன்றைக்கு ஸ்ப்ரேயாக வருவது வரை, வாசனை மாறினாலும் தந்திரம் கிட்டத்தட்ட இதுதான். ஏமாற்று வேலை என்று திட்டவில்லை. வலி குறைந்தால் குறைந்ததுதான். ஆனால் ஐஸ் உண்மையாகவே உள்ளே போகிறது. 1992-ல் ஆரோக்கியமானவர்களின் முட்டியில் நொறுக்கிய ஐஸை அரை மணி நேரம் வைத்து அளந்தபோது மூட்டுக்குள்ளேயே சுமார் 9 டிகிரி இறங்கியிருந்தது. காசிமேட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சுற்றிலும் ஐஸ். நூறு ரூபாயைத் தாண்டுகிற ஸ்ப்ரேக்கு எதற்குச் செலவு?

இப்போது ஆபத்தான பகுதி. இதை மட்டுமாவது வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

அந்த 43 டிகிரி காவல்காரன் சும்மா இல்லை. 44 டிகிரிச் சூடு மணிக்கணக்கில் பட்டாலே தோல் வெந்துபோகும், 60 டிகிரி என்றால் 5 நொடி போதும் என்று 1947-லேயே மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற ரெண்டு பேர் அளந்து சொல்லிவிட்டார்கள். தோல் வேகிற எல்லைக்குச் சற்று முன்னால் அலாரம். என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள்! ஆனால் சுகர் பல வருஷம் கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்து நரம்புகள் கெட்டுப் போகும். அலாரத்தின் வயர் கட். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் காலை வைத்தாலும் "நல்லா இதமா இருக்கு" என்பார்கள். மறுநாள் கொப்புளம். அடுத்த வாரம் புண். ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே 1954-ல் எம். விஸ்வநாதன் ஆரம்பித்த மருத்துவமனை இருக்கிறது. அந்த அளவுக்குப் பழைய எதிரி இது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை. முட்டி வலிக்கிற வயசும் சுகர் முற்றுகிற வயசும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே 'ஆயாவுக்கு வெந்நீர் வெச்சுக் கொடு' என்று சொல்வதற்கு முன்னால் ஆயாவுக்கு சுகர் இருக்கிறதா, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டை அவர் கையாலோ காலாலோ பார்க்க வேண்டாம். உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் ஐஸும் இதே மாதிரி காயம் பண்ணும். அங்கே ரெண்டுமே வேண்டாம்.

கடைசியாக என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ரெண்டு வகைச் செலவு படித்திருப்பீர்கள். வருவாயினச் செலவு, முதலினச் செலவு. கடைக்குக் கரண்ட் பில் கட்டுவது முதல் வகை. அந்த மாசத்தோடு சரி. மெஷின் வாங்கிப் போடுவது ரெண்டாவது, அது பல வருஷம் உழைக்கும். ஒத்தடம் கரண்ட் பில் மாதிரி. சூடோ குளிரோ, பலன் அன்றைக்கு மட்டும். முடக்குவாதத்தில் சூடான ஒத்தடத்தையும் ஐஸையும் 7 ஆய்வுகளில், 328 பேரிடம் பார்த்ததை 2002-ல் காக்ரேன் தொகுத்தது. நோயின் அளவுகோல்கள் எதுவும் அசையவில்லை. ஒத்தடம் நோயைத் தொடுவதே இல்லை.

தேய்மானத்துக்கு முதலினச் செலவு எது? தொடைத் தசைக்குப் பயிற்சி, எடை குறைப்பு. 1 கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியின் சுமை 4 கிலோ குறைகிறது என்று 2005-ல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு நல்ல வட்டி எந்த பேங்கிலும் கிடைக்காது. முடக்குவாதத்துக்கு முதலினச் செலவு, சீக்கிரம் டாக்டரைப் பார்ப்பது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூன்று மடங்கு அதிகம். ரெண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாது. முதல் சில மாதங்களிலேயே மருந்தை ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். அந்த மாதங்களைத்தான் நம் வீட்டுப் பெண்கள் "துணி துவைச்சி துவைச்சி வலிக்குது" என்று வெந்நீரில் கையை விட்டுக் கழிக்கிறார்கள். வெந்நீர் இதமாக இருப்பதுதான் இங்கே பிரச்சினையே. இதமாக இல்லாவிட்டால் என்றைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

"சொல்றது ஈசி தம்பி, ஒரு நாள் ஓ.பி.யில் நின்னா ஒரு நாள் கூலி போச்சு" என்று கேட்பீர்கள். நியாயம்தான். இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. ஒரு நாள் கூலியா, கோணிப்போன கையோடு இருபது வருஷக் கூலியா? சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. 2021 முதல் திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் நேராக அங்கேதான் இறங்கலாம். எழுந்து போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்த்திருக்கிறார்கள். நம்ம ஏரியாவில் யார் வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்பது இலவசம்.

மொத்தத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. முதலில் புறங்கையால் மூட்டைத் தொடுங்கள். மற்றக் காலையும் தொட்டு ஒப்பிடுங்கள். சூடு, வீக்கம், சிவப்பு இருந்தால் வெந்நீர் வேண்டாம், குளிர்தான். சூடில்லாமல் இறுக்கம் மட்டும் என்றால் வெதுவெதுப்பு.

2. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காமல் ஈரத்துணியில் சுற்றி 10 முதல் 20 நிமிஷம். சூடும் அவ்வளவே. ஹாட் வாட்டர் பேகைக் கட்டிக்கொண்டு தூங்காதீர்கள்.

3. சுகர்காரர்களின் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ரெண்டும் வேண்டாம்.

4. காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால், டெங்கு இல்லை என்று தெரிகிற வரைக்கும் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பாராசிட்டமால் போதும்.

5. ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமியாக இருக்கலாம். வீட்டில் எதையும் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

6. ஒத்தடம் வைத்து வலி குறைந்த அந்த அரை மணி நேரத்தில் படுத்துவிடாமல் முட்டியை மடக்கி நீட்டுங்கள். ஒத்தடத்தின் உண்மையான உபயோகம் அதுதான். பயிற்சிக்கு வாசலைத் திறந்து விடுகிற வேலை.

7. வீக்கமும் காலை இறுக்கமும் ஆறு வாரம் தாண்டினால் அதற்குமேல் வீட்டு வைத்தியம் கிடையாது.

உங்கள் வீட்டில் இன்றைக்கு ராத்திரி யாராவது முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பக்கத்தில் போய் உட்காருங்கள். தொட்டுப் பாருங்கள். எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேளுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் சொல்வதில்லை.